மதிலின் வெறும் பக்கம்

தம்பிராஜா எனக்காக ஒரு பொய் சொன்னார். அப்படித்தான் அவர் எனக்கு அறிமுகமானார்.

1998 செப்டம்பர். நான் சென்னையிலிருந்து சன்னிவேலுக்கு வந்து இறங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அபார்ட்மென்ட் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் என்கிற மகா ரகசியத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குப்பை போடக் கீழே போனவள் சாவியில்லாமல் வெளியே நின்றேன். உடம்பில் நைட்டி, காலில் ரப்பர் செருப்பு. என் கணவர் அனந்தராமன் ஆபீசில் ஏதோ மீட்டிங்கில் இருந்தார். மேனேஜர் அம்மாள் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வாடகைப் பத்திரத்தில் உன் பெயரே இல்லை, நீ யாரென்று எனக்குத் தெரியாது, மாற்றுச் சாவி தர முடியாது என்று கையை விரித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் இங்கிலீஷே வாயில் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒருவர் துணிக்கூடையோடு லாண்டரி ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, வீட்டில் இருக்கும்போதுகூட இன் பண்ணிய சட்டை. மேனேஜர் அவரை நிறுத்தி, இந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

அவர் முகம் வெளிறிப்போனது. கூடையைக் கீழே வைத்தார். தெரியும் என்றார். நன்றாகத் தெரியும் என்றார். மூன்று வருடமாகத் தெரியும் என்றார். எல்லாம் இங்கிலீஷில், ஒன்றின் மேல் ஒன்றாக.

அதற்கு முன்னால் அந்த மனிதரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சாவி கிடைத்தது. மாடிப்படியில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். ஆனா எதுக்கு மூணு வருஷம்னு அடிச்சு விட்டீங்க? நான் வந்தே மூணு வாரம்தான் ஆகுது."

"ஒரு ஆளைக் காட்டிக் கேட்டால் தெரியாது எண்டு சொல்லக் கூடாது பிள்ளை" என்றார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இது என்ன பதில் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவர் எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர். ஊரில் கட்டடப் படம் வரையப் படித்தவர், இங்கே சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொரு போர்டாக வைத்து, சால்டர் பற்றவைப்பு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் இருந்தார். காலை ஏழு மணிக்குப் போனால் மூன்றரைக்கு வந்துவிடுவார். சனிக்கிழமைகளில் இடியப்பமும் சம்பலும் கொண்டுவந்து தருவார். அந்தச் சம்பலைத் தின்றுவிட்டு நானும் அனந்தும் அரைமணி நேரம் உஸ் உஸ்ஸென்று உட்கார்ந்திருப்போம். அவர் பேசுவது எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் பேசுவது அவருக்கு முழுக்கப் புரிந்தது. அதிலேயே எனக்கு ஒரு எரிச்சல்.

இன்னொன்றும் புரியவில்லை. எங்கள் தெருவிலிருந்து கால்ட்ரெய்ன் ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடை. அவர் கம்பெனியோ நாலு ஸ்டேஷன் தள்ளி, பிளாட்பாரத்துக்கு எதிரிலேயே. ஏறினால் இருபது நிமிடம். அவர் தினமும் 101 ஃப்ரீவேயில் முக்கால் மணி நேரம் காரை உருட்டிக்கொண்டு போனார்.

"ஏன் அங்கிள் இப்படிக் கஷ்டப்படறீங்க? ட்ரெய்ன்ல போகலாம்ல?"

"எனக்கு ரயில் ஒத்துவராது."

"வாமிட் வருமா?"

"அப்பிடித்தான்."

சரி, எல்லாருக்கும் ஒரு கிறுக்கு. எனக்கோ கணவரோடு ஒட்டி வரும் எச்-4 விசா. வேலைக்குப் போகக் கூடாது, சம்பளம் வாங்கக் கூடாது. மூச்சு விடலாம், அதற்குத் தடையில்லை. வீட்டுச் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் போட்டோகிராபி வகுப்பில் சேர்ந்தேன். அனந்து பழைய நிக்கான் ஒன்று வாங்கிக் கொடுத்தார். நான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தபால் பெட்டி, குப்பைத் தொட்டி, அடுத்த வீட்டுப் பூனை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளினேன்.

மார்ச் மாதம் ஒருநாள் தம்பிராஜா வாசலில் வந்து நின்றார். பெல் அடிக்காமலே எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

"பிள்ளை, ஒரு படம் எடுத்துத் தருவீங்களோ? பெர்லின் மதிலடியில."

"ஜெர்மனிக்கா? எனக்கு விசா இல்லையே அங்கிள்!"

"மவுண்டன் வியூவில கிடக்குது" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஊரையே இரண்டாகப் பிளந்து நின்ற அந்தச் சுவரை இடித்தார்களே, அதில் இரண்டு பலகையை யாரோ கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, ஓர் ஆபீஸ் வளாகத்தில், கார் பார்க்கிங் ஓரமாக நட்டு வைத்திருக்கிறார்களாம். பெர்லின் சுவருக்கு மவுண்டன் வியூவில் என்ன ஜோலி என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

பிறகுதான் அவருடைய அண்ணன் கதையைச் சொன்னார். 1985-இல் ஊரில் கலவரமும் ராணுவமுமாக இருந்த நேரம். அண்ணன் சேனாபதியும் தம்பிராஜாவும் ஒரு ஏஜெண்டைப் பிடித்துக் கொழும்பிலிருந்து மாஸ்கோ, மாஸ்கோவிலிருந்து கிழக்கு பெர்லின் என்று விமானம் ஏறினார்கள். அங்கிருந்து மேற்குப் பக்கம் தாண்டிவிட்டால் அகதி என்று பதிந்துகொள்ளலாம். தம்பி தாண்டிவிட்டார். அண்ணன் தாண்டவில்லை. மறுநாள் அண்ணனைச் சுவருக்குப் பக்கத்தில் பார்த்தாராம். படமெல்லாம் வரைந்த சுவர். அண்ணன் நல்ல சுகமாக நின்று கை காட்டினாராம். அதுதான் கடைசி. இதை அப்படியே கடிதமாக எழுதி ஊரில் இருந்த அண்ணிக்குப் போட்டார். அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தம்பிராஜா எழுதாத ஆபீஸ் இல்லை, கேட்காத ஆள் இல்லை. அவர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்து சேர்ந்த கதையை என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார், மூன்று முறையும் வழி வேறு வேறாக இருந்தது. அண்ணன் கை காட்டிய இடம் மட்டும் ஒரு எழுத்து மாறாது.

"இப்ப எதுக்கு போட்டோ?"

"அண்ணி கேக்கிறா" என்றார். அண்ணி பெயர் தனபாக்கியம். இரண்டு வருடமாக டொரண்டோவுக்குப் பக்கத்தில் ஸ்கார்பரோவில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். "ஜூனில அவவின்ட தமையன்ட மகளுக்குக் கலியாணம். பதினாலு வருஷமாச்சு, இவ இன்னும் பொட்டு வைக்கிறா, தாலி போட்டிருக்கிறா. இவவை ஆராத்தி எடுக்கக் கூப்பிடலாமோ கூடாதோ எண்டு சனம் கதைக்குது. பன்னிரண்டு வருஷம் செய்தி இல்லாட்டி தர்ப்பையில உருவம் செய்து கிரியை முடிக்கலாம் எண்டு ஐயர் சொல்லிப்போட்டார். அண்ணிக்குத் துணிவு வரேல்லை. அவர் கடைசியா நிண்ட இடத்தை ஒருக்காப் பாத்தாத்தான் பொட்டை அழிக்கிறதோ வைக்கிறதோ எண்டு மனம் ஒரு முடிவுக்கு வருமாம். மதில் இஞ்ச வந்து கிடக்குது எண்டு நான் வாய் தவறிச் சொல்லிப்போட்டன்."

ஒரு மனுஷி நெற்றியில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்பது என் கேமராவில் வந்து தொங்கியது. எனக்குப் பயம்தான். ஆனாலும் பெருமையாக இருந்ததென்பதையும் மறைக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். வளாகத்தில் ஈ காக்காய் இல்லை. இரண்டு கான்கிரீட் பலகைகள், அவரைப் போல இரண்டு ஆள் உயரம். ஒரு பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக ஏதேதோ கிறுக்கல். மறுபக்கம் வெறும் சாம்பல் நிறம். தம்பிராஜா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இந்தப் பக்கம் நின்றார், அந்தப் பக்கம் நின்றார், மறுபடி இந்தப் பக்கம் வந்தார்.

"எந்தப் பக்கம் அங்கிள்?"

"படம் கீறின பக்கம்தான். அப்பிடித்தான் கடிதத்தில எழுதினனான்."

எனக்கு ஒரு சந்தேகம். "சுவர் இவ்ளோ ஒசரம் இருக்கே. அண்ணன் அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். அவர் கை காட்டினது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் சுவரை அண்ணாந்து பார்த்தார். "எனக்கும் விளங்கேல்லை" என்றார்.

வண்ணப் பக்கத்தில் அவரை நிறுத்தினேன். அண்ணன் காட்டியது போலக் கையைக் காட்டச் சொன்னேன். கை தோள் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. "கொஞ்சம் தூக்குங்க அங்கிள்" என்று கத்தினேன். ஏறவில்லை. அப்படியே எடுத்தேன். என் வகுப்புக்காக ஆளில்லாமல் இன்னும் நாலைந்து எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் படங்களைச் சுவரில் குத்தி வைத்தபோது எங்கள் வாத்தியார் முன்னால் வந்து நின்றார். வெள்ளைத் தாடிக்காரர். இளவயதில் ராணுவத்தில் மேற்கு பெர்லினில் இருந்தவராம். கிறுக்கல் உள்ள பக்கம் மேற்கு என்றார். மேற்கே இருந்தவர்கள்தான் பக்கத்தில் வந்து கிறுக்க முடியும், கிழக்கே இருந்தவன் சுவருக்கு அருகில் வந்தாலே சுட்டுவிடுவார்கள், அந்தப் பக்கம் கடைசிவரை வெறும் சுவர்தான் என்றார். போட்டோவுக்குப் பின்னால் இடம், திசை, தேதி எல்லாம் எழுதிப் பழகு என்றும் சொன்னார்.

நான்தான் முதல் பெஞ்சு மாணவியாயிற்றே. தம்பிராஜாவின் போட்டோவுக்குப் பின்னால், தனபாக்கியம் அம்மாளுக்குப் புரியவேண்டுமென்று தமிழிலேயே, முத்து முத்தாக எழுதினேன்: பெர்லின் சுவர், மேற்குப் பக்கம், மார்ச் 1999. தம்பிராஜா வேலைக்குப் போயிருந்தார். அவர் விலாசம் எழுதிக் கொடுத்திருந்த கவரில் போட்டு நானே தபாலில் சேர்த்துவிட்டேன். நல்ல வேலை செய்தேன் போங்கள்.

பத்து நாள் கழித்து அவர் மேலே வந்தார். இன் பண்ணாத சட்டையில் அவரை அன்றுதான் பார்த்தேன்.

"பிள்ளை, பின்னால ஏதும் எழுதினீங்களோ?"

எழுதியதைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தனபாக்கியம் போன் செய்திருக்கிறார். அவர் புத்திசாலி. என் புருஷன் மேற்குப் பக்கம் நின்றாரென்றால் தப்பி வந்துவிட்டார் என்றுதானே அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். தப்பி வந்தவர் பதினாலு வருடமாக எனக்கு ஒரு வரி போடவில்லையென்றால் எங்கேயோ எவளோடோ இருக்கிறார், இதற்காகவா நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக விரதம் இருந்தேன் என்று கத்தியிருக்கிறார். தாலியைக் கழற்றிக் குப்பையில் போடப் போகிறாராம். கிரியையும் வேண்டாமாம், ஒன்றும் வேண்டாமாம்.

"நீங்கள் ஒருக்கா அண்ணியோட கதையுங்கோ. பிழையா எழுதிப்போட்டன், அது கிழக்குப் பக்கம்தான் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நான் எதுக்கு அங்கிள் பொய் சொல்லணும்? நான் கரெக்டாத்தான் எழுதியிருக்கேன். அங்கேயே இருந்த ஆள் சொன்னது. நீங்க லெட்டர்ல எழுதினதுதான் தப்பு. படம் வரைஞ்ச பக்கத்துல நின்னா அது மேற்குதான். ஒண்ணு உங்க அண்ணன் தப்பிச்சு வந்திருக்கணும், இல்லேன்னா நீங்க அவரைப் பாக்கவே இல்ல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் தலை நிமிரவில்லை.

"பாக்கேல்லைத்தான்" என்றார்.

படியில் நானும் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன், அவர் சொல்லி முடிக்க ஒரு மணி நேரமானது.

எல்லை ஒரு ரயில் ஸ்டேஷனுக்குள்ளேயே இருந்தது. பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் பிளாட்பாரத்துக்குப் போய் ரயில் ஏறினால் மேற்கு. ஏஜெண்ட் ஒரே ஒரு விதிதான் சொல்லியிருந்தான். கூட வருபவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, ஒருவர் மாட்டினால் இருவரும் மாட்டுவீர்கள், அண்ணன் தம்பியென்றாலும் பத்து ஆள் தள்ளி நில். தம்பிராஜா தாண்டிப் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டார். ரயில் நின்றுகொண்டிருந்தது. அண்ணனுடைய பாஸ்போர்ட்டில் ஏதோ சிக்கல். ஒரு போலீஸ்காரன் அண்ணனைத் தோளைப் பிடித்து இவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டான்.

"நான் தெரியாது எண்டு தலையாட்டினன். பிறகு அண்ணையிட்டக் கேட்டான். அண்ணை என்ட முகத்தை நேராப் பாத்து, தெரியாது எண்டவர். ஏஜெண்டு சொன்னபடி சொன்னவரோ, என்னைக் காப்பாத்தச் சொன்னவரோ, இல்லாட்டிக் கோவத்திலதான் சொன்னவரோ, பதினாலு வருஷமா எனக்கு விளங்கேல்லை பிள்ளை. ஒரு கதவுக்குள்ள கூட்டிக்கொண்டு போனாங்கள். நான் ரயில் ஏறிட்டன். அண்ணி தாங்கமாட்டா எண்டு மேற்கில இருந்த மதிலைப் பாத்துப் பாத்து அந்தக் கடிதத்தை எழுதினனான்."

இப்போது என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இந்த மனிதர்மேல் பரிதாபப்படுவதா, சீ என்று சொல்வதா? எனக்குக் குழப்பமாக இருந்தது. துணிக்கூடையோடு நின்ற அன்று அவர் முகம் ஏன் வெளிறியது என்பது மட்டும் புரிந்தது. "சரி அங்கிள், நான் பேசறேன். தப்பா எழுதிட்டேன்னு சொல்லிடறேன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் வேண்டாமென்று தலையாட்டினார். "இனி நான் சொல்லாட்டி அண்ணை ஓடிப்போன ஆளாயிடுவார். ஓடினது நான்."

அவர் வீட்டுக்குப் போனோம். நம்பரை அழுத்தினார். நானும் கேட்க வேண்டுமென்று ஸ்பீக்கரைப் போட்டார். என்னைப் போக வேண்டாம் என்றார். என்னிடம் சொன்னதை அப்படியே அண்ணியிடம் சொன்னார். லைன் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன்.

"முதல்ல ஆர் தெரியாது எண்டது?" என்று கேட்டது ஒரு குரல்.

"நான்தான் அண்ணி."



"அவர் அப்ப என்ன சேட்டுப் போட்டிருந்தவர்?"

"நீலம். நீங்கள் தைச்சுக் குடுத்தது. ஒரு பட்டன் மாத்திரம் வேற நிறம்."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அழுகையா என்று தெரியவில்லை.

"தம்பி, அந்த மதிலின்ட வெறும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும். நீர் நிக்க வேண்டாம். ஒருத்தரும் நிக்க வேண்டாம்." போனை வைத்துவிட்டார்.

மன்னித்தாரா, திட்டினாரா, பொட்டு என்ன ஆனது? இருவரும் மாறி மாறி முகத்தைப் பார்த்துக்கொண்டோம். ஒன்றும் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி மவுண்டன் வியூ. தம்பிராஜா காரைவிட்டு இறங்கவில்லை. வெறும் பக்கத்தில் எடுக்க என்ன இருக்கிறது? சாம்பல் கான்கிரீட், கீழே நாலு புல். ஒரு ரோல் முழுவதையும் அதற்கே எடுத்தேன். பிரிண்ட் போட்டு, இருப்பதில் தெளிவான ஒன்றை அவரிடம் கொடுத்தேன்.

"பின்னால நான் எதுவும் எழுத மாட்டேன் சாமி. நீங்களே எழுதுங்க" என்றேன்.

அவர் பேனாவை வாங்கி, போர்டு பார்க்கும் வேலையில் பழகிய சின்னச் சின்ன எழுத்தில், நேரமெடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். "இவரை எனக்குத் தெரியும். இவர் என்ட சொந்த அண்ணை." யாருமே இல்லாத போட்டோ அது. கவரை அவரே ஒட்டி, அவரே கொண்டுபோய்ப் போட்டார்.

ஏப்ரல் போனது, மே போனது. ஸ்கார்பரோவிலிருந்து போனும் இல்லை, தபாலும் இல்லை. இவர் போன் போட்டால் அண்ணி எடுப்பதில்லை. சனிக்கிழமை இடியப்பமும் நின்றுபோனது. நான்தான் சாம்பார் சாதம் கொண்டுபோய்க் கொடுத்து, சாப்பிடும்வரை எதிரே நின்று கத்திவிட்டு வருவேன். என் முத்து முத்தான எழுத்தை நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன்.

ஜூலை முதல் வாரம் ஒரு கவரோடு மேலே வந்தார். கனடா ஸ்டாம்ப். பிரிக்கவில்லை. "நீங்களே பிரியுங்கோ பிள்ளை" என்று நீட்டினார்.

உள்ளே கடிதம் எதுவும் இல்லை. ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. மணமேடைக்கு முன்னால் இரண்டு பெண்கள் ஆராத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இடப்பக்கத்தில் இருந்தவர் தலை முழுக்க நரை, கன்னம் ஒட்டியிருந்தது, கழுத்தெலும்பு தெரிந்தது. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமப் பொட்டு. கழுத்தில் தாலிக்கொடி.

இப்போதெல்லாம் போட்டோ கைக்கு வந்தால் பின்பக்கத்தைத் திருப்பாமல் என்னால் இருக்க முடிவதில்லை. திருப்பினேன். பென்சிலில் எழுதியிருந்தது. உரக்கப் படித்தேன்.

"தம்பி, இடப்பக்கம் நிக்கிறது நான். நல்லா மெலிஞ்சு போனன். என்னைத் தெரியுதோ?"

தம்பிராஜா போட்டோவை என் கையிலிருந்து வாங்கி, பூதக்கண்ணாடியில் போர்டைப் பார்ப்பவர் போலக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

"தெரியுது அண்ணி" என்றார். "நல்லாத் தெரியுது. தெரியும்."